குளிரில் எரிந்து வெயிலில் அணையும் எஞ்சின் லைட்

டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிகிறது என்று நம் மலைப் பக்கத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டு, போயிரும் என்பார் ஒருவர். புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரை மாற்று என்பார் அடுத்தவர். மூன்றாமவர் வண்டியை விற்றுவிடச் சொல்வார், முடிந்தால் தனக்கே. என்னுடைய 2007ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்ஸியோ காருக்கு இந்த மூன்று வைத்தியமும் சொல்லப்பட்டது.

விற்கிற பேச்சுக்கே இடமில்லை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 தொடக்கத்தில்தான். திறந்த பிறகும், வரியைச் சேர்த்து விலை கேட்டால் ஓர் ஆசிரியர் சம்பளக்காரன் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே இந்த ஊரில் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டி என்பது கிழட்டு வண்டி அல்ல, சாதாரண வண்டி. என்னுடையதும் அந்த எண்ணைத் தாண்டிவிட்டது. அது மீட்டர் சொல்கிற கணக்கு. ஜப்பானில் எவ்வளவு ஓடியது என்பது அந்த மீட்டருக்கும் அதைத் தொட்டவர்களுக்கும்தான் வெளிச்சம்.

கதைக்குள் போகுமுன் ஒன்று. மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல இழுத்தால், எண்ணெயும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் சரியாக இருந்தால், பதற்றமில்லாமல் வீடுவரை போகலாம். லைட் மினுங்கினால் கதை வேறு. எஞ்சின் மிஸ்ஸாகி, எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் பண்ணும் கன்வெட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் செராமிக்கை உருக்கிவிடும். தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏற்றத்தில் மினுங்கினால் 'மேலே போய்ப் பார்த்துக்கலாம்' என்று மிதிக்காதீர்கள், ஓரங்கட்டுங்கள். சிவப்பு எண்ணெய் லைட்டுக்கும் சூட்டு லைட்டுக்கும் அந்த யோசனைகூட வேண்டாம், அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைப்பதுதான்.

என் வண்டியில் எரிந்தது நிலையான மஞ்சள்.

வீடு நானுஓயாவில், 1,600 மீற்றர் உயரம். பள்ளிக்கூடம் ஹட்டனில், ஏறக்குறைய 1,270 மீற்றர். காலையில் லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை வழியாக இறங்கி, மாலையில் அதே வழியில் ஏறி வருவேன். மார்கழி, தை மாதக் காலைகளில் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். சில நாள் புல்லில் உறைபனியே கிடக்கும். அந்தக் காலத்தில்தான் லைட் வந்தது. விடுமுறைக்குக் கொழும்புக்குப் போனால் அங்கே தானாக அணைந்தது. திரும்பி வந்து இரண்டொரு காலை போனதும் மறுபடி எரிந்தது. வீட்டில் என் மனைவி சொன்னாள், "இதுக்கும் கொழும்புதான் புடிச்சிருக்கு."

தானாக அணைந்ததால் வியாதி தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பழுது தெரியாமல் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் போனால் வண்டியின் கம்ப்யூட்டர் லைட்டை அணைத்துவிடும். ஆனால் என்ன பழுது என்று சொல்லும் எண், அதாவது கோட், உள்ளே பதிவாக இருக்கும், எஞ்சின் ஏறக்குறைய 40 தடவை சூடாகி ஆறும் வரை. லைட் இல்லாத நாளிலும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம் என்பது இதனால்தான். பேட்டரி வயரைக் கழற்றுகிற வைத்தியம் ஏன் கெட்ட வைத்தியம் என்பதும் இதனால்தான். லைட்டோடு சேர்த்துத் தடயத்தையும் அழித்துவிடுகிறது.

ஸ்கேன் மெஷின் வைத்திருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் இப்படி ஒன்று இருக்கும். பையன் வயரைச் செருகினான், திரையைப் பார்த்தான், "ஆக்சிஜன் சென்சர் போயிருச்சு சேர்" என்றான். என்ன கோட் என்று கேட்டேன். பி 0171. அந்தக் கோடுக்கு அர்த்தம் கலவை மெலிந்துவிட்டது என்பது. காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போதவில்லை, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் சரிக்கட்ட முடியவில்லை என்று கம்ப்யூட்டர் புகார் சொல்கிறது. அந்தப் புகாருக்கு ஆதாரமாக நிற்கும் சாட்சியே ஆக்சிஜன் சென்சர்தான். சென்சரே கெட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கென்று தனிக் கோடுகள் வரும். அதன் ஹீட்டர் போனால் பி 0135 மாதிரி. "லைவ் நம்பர் கொஞ்சம் காட்டுங்க தம்பி" என்றேன். கோட்டை அழித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். சென்சர் விலை என் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும் என்பதால், நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை 'இன்றைக்கு நிறை குறையுது' என்று சொல்வார். யார் கூடையில் ஓட்டை என்பது அவர் வேலை இல்லை. எஞ்சின் லைட்டும் அவ்வளவுதான். நிறை குறைகிறது என்ற தகவலை வைத்துத் தராசை மாற்றச் சொன்னால் எப்படி?

பிறகு ஈஎல்எம் 327 என்று சொல்கிற சின்ன அடப்டர் ஒன்றை வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சொக்கெட்டில் செருகினால் ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு எண்கள் வரும். இதற்கான செயலிகள் இலவசமாகவும் இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: ஜப்பான் சந்தைக்கென்று செய்த பழைய வண்டிகள் பல இந்த அடப்டரோடு பேசாது. சொக்கெட் ஒரே வடிவம், பாஷை வேறு. ஜப்பானில் ஓடிவிட்டு நம் ரோட்டுக்கு வந்த பழைய ரீகண்டிஷன் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். வாங்குவதற்குமுன் நண்பருடையதை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். என் ஆக்ஸியோ பேசியது.

கோட் எண்ணோடு நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். அதைவிட மதிப்புள்ளது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம். லைட் எரிய முடிவெடுத்த அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைக்கும் படம் அது. என்னுடையதில் வேகம் 0, கூலன்ட் 58 பாகை, உள்ளே வரும் காற்று 14 பாகை. அதாவது ஏற்றத்தில் மூச்சுவாங்கும்போது அல்ல, ஓடும்போதும் அல்ல. எஞ்சின் முழுசாகச் சூடாகுமுன், வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது. கராஜ் பையன் அழித்தது இந்தப் படத்தையும் சேர்த்துத்தான். மறுபடி லைட் வரும்வரை நான் காத்திருக்க வேண்டியதாயிற்று. கோட்டை யாரும் அழிக்குமுன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்கிற ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். "சேர், நம்ம மலை உயரம், காத்து குறைவு, அதான் லைட் வருது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வண்டி இழுவை குறைவது அதனால்தான், அது உண்மை. ஆனால் காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல் மிஞ்ச வேண்டும், மெலியக் கூடாது. காபரேட்டர் காலத்தில் கீழ்நாட்டில் சரிசெய்த வண்டி மேலே வந்ததும் கறுப்புப் புகை விட்டது இதனால்தான். இப்போதைய வண்டியில் வடிகட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காற்று சென்சர் எவ்வளவு கிராம் காற்று உள்ளே போகிறது என்று அளக்கிறது. காற்று குறைந்தால் பெற்றோலையும் குறைத்து ஊற்றுகிறது. ஆகவே மலை உயரத்துக்கும் பி 0171க்கும் சம்பந்தமில்லை. மலைக் குளிருக்குச் சம்பந்தம் இருக்கலாம் என்று ஃப்ரீஸ் ஃப்ரேம் சொன்னது.

அடுத்துப் பார்த்தது ஃபியூவல் ட்ரிம். பழைய வண்டி வைத்திருப்பவர் ஒரே ஒரு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. கணக்கிட்டு ஊற்றிய பிறகும் ஆக்சிஜன் சென்சர் 'குறைகிறது' என்றால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டும், 'கூடிவிட்டது' என்றால் குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தலைச் சதவீதத்தில் சொல்வதுதான் ட்ரிம். அந்தந்த நொடிக்கு ஒன்று, பழகிப்போன கணக்கு ஒன்று என இரண்டு எண்கள் தெரியும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டியது பத்துக்குள் இருந்தால், கூடினாலும் குறைந்தாலும், நிம்மதி. இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் லைட் வரப்போகிறது.

எண்ணைவிட முக்கியம், அது எப்போது ஏறுகிறது என்பது. ஐட்லிங்கில் ஏறி, 2,500 சுற்றில் பிடித்தால் இறங்குகிறதா? எங்கேயோ காற்று சென்சர் அளக்காத திருட்டுக் காற்று போகிறது. சும்மா நிற்கும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மெனிஃபோல்டில் உறிஞ்சலோ அதிகம். சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்காகிவிடும். மிதிக்கும்போது மொத்தக் காற்று பெருகும், உறிஞ்சல் குறையும், அதே ஓட்டை கணக்கில் தெரியாமல் போகும். இதற்கு மாறாக நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது எண் ஏறினால் பெற்றோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அல்லது அழுக்குப் பிடித்த காற்று சென்சர் பக்கம் பாருங்கள். இந்தச் சோதனைக்கு நம்மைப்போல வசதி யாருக்கும் கிடையாது. கொழும்புக்காரர் எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க நெடுஞ்சாலையைத் தேட வேண்டும். நமக்கு வாசலைத் தாண்டினாலே ஏற்றம். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு வாசித்தது மகள். லிந்துலைக்கு அப்பால் ஏறும்போது "நாலு, அஞ்சு, மூணு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விடியற்காலையில் வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணியபோது அவள் வாசித்த எண் 27. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அதே ஐட்லிங்கில் 9.

பாரத்தில் சரி, சூட்டில் ஏறக்குறைய சரி, குளிரில் மட்டும் கேடு. அப்படியென்றால் குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் ஏதோ ஒன்று.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் ஒரு பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், போனேன். கராஜ் என்றால் தகரக் கூரையும் ஒரு குழியும். அவரிடம் ஸ்கேன் மெஷின் கிடையாது, இந்த எஞ்சினைப் பல வருஷம் பிரித்த கை இருந்தது. தாளைப் படித்துவிட்டு வண்டியைத் திறந்தார், பெரிய காற்று ஹோஸை மடக்கிப் பார்த்தார், சின்ன ஹோஸ்களை இழுத்துப் பார்த்தார், கீறல் இல்லை. எண்ணெய்ப் புகையை மெனிஃபோல்டுக்கு இழுக்கும் பீசீவீ வால்வைக் கழற்றிக் குலுக்கினார். கடகடவென்று சத்தம் வந்தது, அடைப்பில்லை. பிறகு சொன்னார்:

"சேர், நீங்க இங்க வந்து சேர்றப்பவே எஞ்சின் சூடாயிருது. சூட்டுல நான் என்னத்தக் கண்டுபுடிக்கிறது? ராத்திரிக்கு வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. காலையில நீங்க வந்த பொறகுதான் சாவியத் தொடுவேன்."

இதுவரை வண்டியைப் பார்த்த யாருக்கும் இது தோன்றவில்லை. நான் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறேன். ஓட்டிக்கொண்டு போவதே பழுதை மறைக்கிறது. கொழும்பில் காட்டியிருந்தால் இன்னும் மோசம், அங்கே காலையும் சூடு.

பஸ்ஸில் வீட்டுக்குப் போய், மறுநாள் இருள் பிரியுமுன் பஸ்ஸில் வந்தேன். பாஸ் போர்வையோடு நின்றிருந்தார். கையில் சலூன்காரர்கள் முடிக்குத் தண்ணீர் அடிக்கும் போத்தல். ஸ்டார்ட் பண்ணியதும் எண் ஏறத் தொடங்கியது. அவர் மெனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் ஓரத்தில், ஒரு சிலிண்டர் பக்கமிருந்து அடுத்ததற்கு, மெல்லியதாகத் தண்ணீரை அடித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் வந்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. திரையிலும் எண் சட்டென்று இறங்கியது. ஓட்டையைத் தண்ணீர் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை அடித்தார். மறுபடி இறங்கியது. "இந்தா இருக்கார்" என்றார் பாஸ், யாரோ வேண்டியவரைக் கண்டதுபோல.

இதற்குக் காபரேட்டர் க்ளீனர் அடிப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் அது தீப்பிடிக்கிற சரக்கு, சூடான எக்ஸோஸ்ட் குழாயில் பட்டால் வண்டியோடு புருவமும் போகும். தண்ணீர் போதும். ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பக்கமும் ஆல்டனேட்டர் பக்கமும் படாமல் அடிக்க வேண்டும், அவ்வளவே. புகை அடித்துப் பார்க்கும் மெஷின் இருக்கும் கராஜ் என்றால் இன்னும் நல்லது, அதையும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள்.

மெனிஃபோல்டைக் கழற்றியபோது உள்ளே இருந்த ரப்பர் கேஸ்கட் நகத்தால் அழுத்தினாலும் அமுங்கவில்லை; வருஷக்கணக்கான சூட்டில் கல்லாகிப் போயிருந்தது. புதிய கேஸ்கட் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. விலை, கராஜ் பையன் சொன்ன சென்சரின் விலையில் ஒரு ஓரம். மெனிஃபோல்ட் ப்ளாஸ்டிக் என்பதால் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல் நடுவிலிருந்து மாறி மாறி இறுக்கினார். அதிகம் முறுக்கினால் வெடித்துவிடும், பிறகு கேஸ்கட் வாங்கப் போனவர் மெனிஃபோல்ட் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அடுத்த நாள் விடியலில் எண் 6. கோட்டை அன்றைக்குத்தான் அழித்தேன்.

இந்தக் கதை தெரிந்த பிறகு ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது. வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றில் நம் மலைக்கே உரிய சிலதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நண்பரின் வண்டியில் பி 0128. கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அவர் சொன்ன இன்னொரு குறை: மழையில் முன்கண்ணாடி பனிமூட்டம் பிடித்தால் ஹீட்டர் போட்டும் தெளியவில்லை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. கீழ்நாட்டில் வண்டி சூடாகிறது என்றால் சிலர் எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, அது இருந்த கூட்டை வெறுமையாக மூடி அனுப்புவார்கள். அங்கே தெரியாது. அந்த வண்டி நுவரெலியாவுக்கு வந்தால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில்தான் ஓடும். குளிர் எஞ்சின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட ஊற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெயிலும் ஈரம் தங்கும். என் எஞ்சினில் அந்த வால்வு திறக்கத் தொடங்குவது 80 பாகையை ஒட்டி. அதுவரை திறக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. நண்பரின் வண்டியைத் திறந்தபோது வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. பெற்றோல் அதிகம் குடிக்கிறது என்று அவர் அதுவரை இன்ஜெக்டர் க்ளீனராக ஊற்றிக்கொண்டிருந்தார்.

தெர்மோஸ்டாட்டை எறிகிறவர்களுக்கு ரேடியேட்டர் மூடி நினைவுக்கு வருவதே இல்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் ஓடுகிறது. றம்பொடை ஏற்றத்தில் அடிக்கடி பொங்குகிற வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது பலமுறை அந்த மூடிதான்; அதைவிட மலிவான உதிரிப்பாகம் வண்டியில் குறைவு. சூட்டோடு திறக்காதீர்கள்.

மழைக்கால மிஸ்ஸிங் இன்னொன்று. பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி 0303 என்றால் மூன்றாவது. உடனே கொயில் வாங்க ஓட வேண்டாம். 0301 வந்தால் முதலாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்டி, கோட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். கோட் 0303க்கு நகர்ந்தால் கொயில்தான். நகராமல் அங்கேயே நின்றால் ப்ளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். காசு செலவில்லாத சோதனை, ஒரு பத்தாம் நம்பர் சாவி போதும். இரவில் வண்டியைத் தேயிலைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் அதற்கும் முன்னால் வயரைப் பாருங்கள். குளிருக்கு எஞ்சின் மேல் படுக்க வரும் எலி, வந்த வேலை முடிந்ததும் சும்மா போவதில்லை.

எண்ணெய் குடிக்கிற எஞ்சினைக் கண்டுபிடிக்க நம் இறக்கங்களே போதும். கினிகத்தேனைக்குக் கீழே கித்துல்கலை வரை கியரைக் குறைத்து, அக்சலரேட்டரைத் தொடாமல் நீளமாக இறங்குங்கள். அப்போது மெனிஃபோல்டில் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். தேய்ந்த வால்வு சீல் வழியாக எண்ணெய் உள்ளே இழுபடும். சமதரையில் மிதித்தவுடன் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் கண்ணாடியில் பாருங்கள், நீலப் புகை தெரியும். இறக்கம் இறங்காமலே, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது தொடர்ந்து புகைத்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் பக்கம் போகிறது. எதுவானாலும், எரிந்த எண்ணெய் கடைசியில் போய்ச் சேருவது கன்வெட்டரில். பழைய வண்டியில் கன்வெட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பி 0420 வந்தால் கன்வெட்டர் விலையை விசாரிக்குமுன் எண்ணெய்க் குச்சியை வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்குப் புதுக் கன்வெட்டர் மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். சில வண்டிகளில் கன்வெட்டரே இருக்காது: உள்ளே இருக்கும் பிளாட்டினம், பலேடியத்துக்காக வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் பண்ணி விட்டிருப்பார்கள். வாங்குமுன் குனிந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

வாங்குவது பற்றி இன்னும் ஒன்று. சாவியை ஓன் வரை மட்டும் திருப்பினால், ஸ்டார்ட் ஆகுமுன் எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியவில்லையென்றால் 'இந்த வண்டியில லைட்டே வந்ததில்ல' என்று விற்கிறவர் சொல்வது ஒருவகையில் உண்மைதான். லைட் எரிகிறது, கோடும் இல்லை என்றால் செயலியில் ரெடினஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். சோதனைகள் பலவும் இன்னும் முடியவில்லை என்று காட்டினால் நீங்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எமிஷன் சான்றிதழைக் காட்டுவார்கள். அதை அதிகம் நம்பிவிட வேண்டாம். பெற்றோல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையில் உள்ள கார்பன் மோனொக்சைட், ஹைட்ரோகார்பன் அளவுகளை. என் ஆக்ஸியோ அந்தப் பழுதோடுதான் எமிஷன் பாஸாகி வருமான அனுமதிப்பத்திரமும் வாங்கியது. சூடான எஞ்சினோடு போய் வரிசையில் நின்றால் அது பாஸாகாமல் என்ன செய்யும்?

இன்றைக்கு ஒருவர் பழுதுபார்க்க வண்டி கொடுக்கப் போகிறேன் என்று கேட்டால் நான் சொல்வது இது: பாஸிடம் போகும்போது தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். கோட் என்ன, அப்போது கூலன்ட் எத்தனை பாகை, ஐட்லிங்கில் ட்ரிம் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு. 'எஞ்சின் லைட் எரியுது, பாருங்க' என்று சாவியைக் கொடுத்தால் அவரும் மனுஷன்தானே, அடிக்கடி மாற்றிப் பழகியதைத்தான் முதலில் மாற்றுவார். பழுது காலையில்தான் வருகிறது என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை அவரிடம் விட்டுவிடுங்கள், சாவியை மட்டும் உங்கள் பொக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாராவது வண்டியை ஓரமாக நகர்த்தி வைக்கிறேன் என்று விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள், அன்றைய சோதனை அதோடு போய்விடும்.